கொள்கை வேறுபாடும் கட்சிப்பற்றும்: முஸ்லிம் சமயக் குழுக்களைத் தமிழ்த் திறனாய்வு நோக்கும் முறை பற்றிச் சில குறிப்புகள்

1

2019 ஏப்பிரல் 21ஆந் திகதி இலங்கையில் நிகழ்ந்த உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின்னர், தமிழ் எழுத்திலும் பேச்சிலும் இரு சொற்கள் பெருவழக்குப் பெற்றன. ஒன்று ‘சூபி’; மற்றையது ‘வஹ்ஹாபி’. ஞானம், இசை, சமய நல்லிணக்கம், மண்ணின் மரபு என்பன முன்னதன் பொருளாகவும், பாலைவனம், எண்ணெய்ப் பணம், சகிப்பின்மை, வன்முறை என்பன பின்னதன் பொருளாகவும் கொள்ளப்பட்டன. முஸ்லிம் சமயக் குழுக்களைப் பற்றி அதுவரை ஒரு வரியேனும் எழுதியிராதோரும், இவ்விரு சொற்களைக் கொண்டு ஒரு சமூகத்தை இரண்டாகப் பகுத்து, ஒரு பகுதியினர்க்கு நற்சான்றும் மறுபகுதியினர்க்குக் குற்றப்பத்திரமும் வழங்கத் தலைப்பட்டனர்.

இதற்கு முந்திய நிலை இதனினும் மேம்பட்டதன்று. இக்கட்டுரை எழுதப்படுங் கொக்குவிலிலிருந்து யாழ்ப்பாண நகரின் சோனகத் தெரு சில கிலோமீற்றர் தொலைவிலேயே உள்ளது. ஆயினும் அத்தெருவில் வாழ்ந்த மக்களின் சமய உலகினுள் எத்தகைய விவாதங்கள் நடைபெற்றன என்பதை அயலில் வாழ்ந்த நாம் அறிய முயன்றதில்லை. 1990 ஒக்ரோபர் 30ஆந் திகதி தமிழீழ விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றியபோது, அவர்களுள் தரீக்காவினர் யார், சீர்திருத்தவாதி யார், சமயத்தில் நாட்டமே இல்லாத இடதுசாரி யார் என எவரும் வினவவில்லை. முழுச் சமூகமும் ஒரே திரளாகக் கருதப்பட்டது. ஒரே திரளாகவே தண்டிக்கப்பட்டது.

வேறுபாடு காணாமை முதலாவது தவறு. ஒரு பிரிவினர் மற்றைய பிரிவினர்க்குச் சூட்டிய பெயரை அவ்வாறே ஏற்றுக்கொண்டு வேறுபாடு காண்பது இரண்டாவது தவறு. முன்னையது பற்றி ஓரளவேனும் எழுதப்பட்டுள்ளது. பின்னையது முற்போக்காளரிடத்தும் பல்கலைக்கழகத்தாரிடத்தும் அறிவு நேர்மையின் தோற்றத்துடன் வருவதால், அதனை நுணுகி நோக்குதல் இன்றியமையாததாகின்றது. முஸ்லிம் சமயக் குழுக்களிடையே நிலவும் கட்சிப்பற்றினை எவ்வாறு இனங்காண்பது, அதனை இனங்காண முற்படுந் திறனாய்வாளர் தாமும் ஒரு கட்சியினராகிவிடாமல் இருத்தல் எவ்வாறு என்பனவே இங்கு நாம் எடுத்துக்கொண்ட வினாக்களாம்.

2

முதற்கண் கருத்து வேறுபாட்டினையும் கட்சிப்பற்றினையும் பிரித்தறிதல் வேண்டும். இஸ்லாமியக் கல்வி மரபு இவ்விரண்டிற்கும் வெவ்வேறு சொற்களை வைத்துள்ளது. ‘இக்திலாப்’ என்பது அறிஞரிடையே தோன்றும் கருத்து வேறுபாடு. ஷாபிஈ, ஹனபி, மாலிகி, ஹன்பலி எனும் நான்கு சட்டநெறிகளும் ஒன்றையொன்று ஏற்று நிலைபெற்றமைக்கு இக்கருத்தே அடிப்படையாகும். ‘தஅஸ்ஸுப்’ என்பதோ, தன் கூட்டத்தின்மீது கொண்ட பற்றினால் நியாயத்தைக் காணமறுக்கும் மனநிலை. இப்னு கல்தூன் குழுவுணர்வைக் குறிக்க எடுத்தாண்ட ‘அஸபிய்யா’ எனுஞ் சொல்லும் இதே வேரிற் பிறந்ததே. கட்டுதல், பிணித்தல் என்னும் பொருளையுடைய வேர் அது.

கி.பி. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, ‘பைஸலுத் தப்ரிகா’ என்னும் நூலில் இச்சிக்கலையே ஆராய்ந்தார். தன் குழுவின் கருத்துக்கு மாறுபடுவதே இறைமறுப்பு என ஒருவர் வரைவிலக்கணங் கூறுவாராயின், அவர் எக்குழுவைச் சார்ந்தவராயினும் குருட்டுப் பின்பற்றலில் ஆழ்ந்தவரே என்பது அவரது வாதத்தின் சாரமாகும். அதே கஸ்ஸாலி, மெய்யியலாளரின் மூன்று கோட்பாடுகளை இறைமறுப்பெனத் தீர்த்தவர் என்பதும் ஈண்டு மறக்கற்பாலதன்று. எல்லைகளே வேண்டாமென அவர் கூறினாரல்லர். எல்லை வகுப்பதற்குரிய அளவுகோல், வகுப்பவரின் கூட்டமாக இருத்தல் கூடாதென்பதே அவர் கூறியது. எனவே கட்சிப்பற்றினைக் கண்டிப்பது மேனாட்டார் நமக்குத் தந்த பார்வை என்றோ, சமயத்திற்குப் புறத்தே நின்றுதான் அதனைச் செய்தல் கூடுமென்றோ கருதுதல் பொருந்தாது.

3

தமிழ் பேசும் முஸ்லிம்களின் சமய வாழ்வு நெடுங்காலமாகத் தரீக்காக்களோடு, சிறப்பாகக் காதிரிய்யாவோடும் ஷாதுலிய்யாவோடும், இணைந்து வளர்ந்தது. மௌலிது ஓதுதல், கந்தூரி வழங்கல், நாகூர் ஷாகுல் ஹமீது நினைவாகக் கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் நிகழுங் கொடியேற்றம், பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள தப்தர் ஜெய்லானிக்குச் செல்லும் யாத்திரை ஆகியன இதன் வெளிப்பாடுகள். இலக்கியத்திலும் இதன் செல்வாக்கு ஆழமானது. பக்தாதின் அப்துல் காதிர் ஜீலானி மீது யாழ்ப்பாணத்துப் பதுறுத்தீன் புலவர் முகியித்தீன் புராணம் பாடினார். குணங்குடி மஸ்தான் சாகிபு காதிரிய்யா நெறியில் நின்று பாடியவர்.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை மாறலாயிற்று. 1924இல் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா தோற்றம் பெற்றது. 1947இல் பறகஹதெனியாவில் அன்சாரிஸ் சுன்னா இயக்கம் வேரூன்றியது. கப்றுகளை மையமாகக் கொண்ட வழிபாட்டினை அது எதிர்த்தது. 1950களில் தப்லீக் ஜமாஅத்தும் ஜமாஅத்தே இஸ்லாமியும் காலூன்றின. 1980களுக்குப் பின்னர் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ‘தௌஹீத்’ எனும் பெயரைத் தாங்கிய அமைப்புகள் பல எழுந்து, தம்முட் பிரிந்து, மேலும் பெருகின. இவ்வியக்கங்களை ஒன்றெனக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. தப்லீக் ஜமாஅத் தேவ்பந்த் அறிஞர் மரபிலிருந்து பிறந்தது; அம்மரபினர் ஹனபி நெறியினராகவும் தரீக்காத் தொடர்புடையோராகவும் இருந்தவர்கள். தரீக்காவினருள் ஒரு சாரார் அதனை வஹ்ஹாபி இயக்கமென்பர். தௌஹீத்வாதிகளோ அதனைப் ‘பித்அத்’, அதாவது மார்க்கத்தில் இல்லாத புதுமை, மலிந்த இயக்கமென்பர். ஒரே அமைப்பு, அழைப்பவர் நிற்கும் இடத்திற்கேற்ப இரு முரண்பட்ட பெயர்களைப் பெறுகின்றது. எனவே இப்பெயர்கள் அழைக்கப்படுவோரைக் காட்டிலும் அழைப்போரைப் பற்றியே மிகுதியாக அறிவிக்கின்றன எனலாம்.

4

இக்குழுக்களின் துண்டுப்பிரசுரங்கள், விவாத நூல்கள், ஒலிநாடாக்கள், அண்மைக்காலக் காணொளிகள் ஆகியவற்றை ஒருசேர நோக்குமிடத்துக் கட்சிப்பற்றின் அறிகுறிகள் சில புலனாகின்றன. இவை எந்தவொரு பிரிவுக்கும் தனியுரிமையானவை அல்ல.

முதலாவது அறிகுறி, எதிர்த்தரப்பினரை அவர்களே ஏற்காத பெயராற் சுட்டுதல். ‘வஹ்ஹாபி’ என்று எவரும் தம்மைக் கூறிக்கொள்வதில்லை; ‘கப்று வணங்கி’ என்றும் எவரும் தம்மைக் கூறிக்கொள்வதில்லை. கப்றை ஸியாரத் செய்பவர், தாம் வணங்குவது இறைவனையே என்பார். அவரது விளக்கம் பிழையென வாதிடும் உரிமை மற்றவர்க்கு உண்டு. ஆனால் பிழையென நிறுவுவதற்கு முன்னரே அதனைப் பெயராக்கிவிட்டால் வாதம் தொடங்குமுன்னரே முடிந்துவிடுகின்றது.

இரண்டாவது, பொதுப்பெயரைத் தன் கூட்டத்திற்கே உரியதாக்குதல். ‘அஹ்லுஸ் சுன்னா வல் ஜமாஅத்’ எனும் பெயரை இருசாராரும் உரிமை கோருவர். சமுதாயம் எழுபத்து மூன்று கூட்டங்களாகப் பிரியும், அவற்றுள் ஒன்றே ஈடேறும் என்ற கருத்துடைய நபிமொழியை இருசாராரும் மேடைகளில் எடுத்தாள்வர். அந்த ஒன்றாகத் தாம் இல்லாதிருத்தல் கூடுமோ என்ற அச்சத்தை விளைவிக்கவேண்டிய செய்தி, தாமே அந்த ஒன்று என்ற நிம்மதியைத் தருவதாக மாறிவிடுகின்றது.

மூன்றாவது, சிறு அடையாளங்களை எல்லைக்கோடாக்குதல். றமழான் இரவுத் தொழுகை எட்டு றகஅத்தா இருபதா, தொழுகையின் இருப்பில் விரலை அசைப்பதா இல்லையா, தலையில் தொப்பி வேண்டுமா, தொழுகையின் பின் கூட்டாகத் துஆ ஓதலாமா என்பன சட்டநூல்களிற் பக்கம் பக்கமாக ஆராயப்பட்ட விடயங்கள். அவற்றை ஆராய்வதிற் குற்றமில்லை. பள்ளிவாசலின் வரிசையில் நிற்பவர் எக்கட்சியினர் என அளந்தறிவதற்கு அவை பயன்படுத்தப்படும்போது, விரலின் அசைவு கட்சிக் கொடியாகிவிடுகின்றது.

நான்காவது, இரட்டை அளவுகோல். தம் தரப்பினை அதன் சிறந்த நூல்களைக் கொண்டும், மறுதரப்பினை அதன் மிகக் கீழான செயல்களைக் கொண்டும் மதிப்பிடுதல் இதன் பாற்படும். தர்கா உண்டியலை வைத்துப் பிழைப்போரைக் காட்டிச் சூபி மெய்யியல் முழுவதையும் மறுப்போரும், குண்டு வைத்தோரைக் காட்டிச் சீர்திருத்தம் முழுவதையும் மறுப்போரும் இவ்வகையில் ஒரே முறையியலைக் கையாள்கின்றனர்.

ஐந்தாவதும் மிகக் கடுமையானதுமான அறிகுறி, கருத்தின்மீதான தீர்ப்பு ஆட்களின்மீதான தீர்ப்பாக மாறுதல். யாருக்குப் பெண் கொடுப்பது, யாரின் பின்னின்று தொழுவது, யாரின் உடலைப் பொது மையவாடியில் அடக்க விடுவது என்ற வினாக்கள் எழும் இடத்தில் இம்மாற்றம் நிறைவெய்துகின்றது. காத்தான்குடியின் அண்மைக்கால வரலாறு இதற்குத் தெளிவான சான்று. 1979இல் ஜம்இய்யத்துல் உலமா, ‘வஹ்தத்துல் வுஜூத்’ எனப்படும் உள்ளமை ஒருமைக் கோட்பாட்டினைப் போதித்த மௌலவி ஒருவரையும் அவர் கருத்தினை ஏற்றோரையும் மதம் மாறியோராக அறிவித்தது. 2004இலும் 2006இலும் அவ்வூரின் மற்றொரு சூபிக் குழுவினர்க்கு எதிரான பிணக்கு வன்முறையாக வெடித்தது; 2006இல் அக்குழுத் தலைவரின் நல்லடக்கமே பிணக்கின் பொருளாயிற்று.

இவற்றை மட்டும் அறிந்தோர் சூபிகளே எப்போதும் பாதிக்கப்பட்டோர் என முடிவுகட்டுவர். எனினும் 2009 யூலையில் பேருவளை மககொடையில் தாக்கப்பட்டது சீர்திருத்தச் சார்புடைய பள்ளிவாசலாகும். ஆண்டுதோறும் நிகழும் தரீக்காச் சார்பான சமய வைபவமொன்று பற்றி அங்கு நிகழ்த்தப்பட்ட கண்டனம் அதற்கு முன்னோடியாயிற்று. அந்நிகழ்வில் இருவர் உயிரிழந்தனர். மேலும், 1979ஆம் ஆண்டுத் தீர்ப்பினை வழங்கியது தௌஹீத் அமைப்பன்று. நாட்டின் உலமாக்களின் பொது அமைப்பே அதனை வழங்கிற்று. ஆகவே, கட்சிப்பற்றின் மிகக் கடுமையான வடிவத்தினையும் ஒரு பெயருக்குரியதாக ஒதுக்கிவைத்தல் இயலாது.

5

கருத்துகள் ஆகாயத்தினின்று இறங்குவனவல்ல என்பதை முற்போக்குத் திறனாய்வு நமக்குக் கற்பித்துள்ளது. இக்குழுக்களின் போட்டியிலும் சமூகப் பொருளாதாரக் காரணிகள் தொழிற்பட்டன. பள்ளிவாசல் என்பது தொழுமிடம் மட்டுமன்று. காணி, கடை, நிதி, நம்பிக்கைப்பொறுப்பு ஆகியவற்றையுடைய நிறுவனமுமாகும். 1956ஆம் ஆண்டின் வக்புச் சட்டம் அதன் நிருவாகத்தை அரச பதிவுக்கு உட்படுத்தியது. கிழக்கிலங்கையிற் பள்ளிவாசல் நிருவாகம் தாய்வழிக் குடிகளின் பிரதிநிதிகளாகிய மரைக்காயர்மாரின் கையில் இருந்தது. தென்மேற்குக் கரையில் மௌலானாக் குடும்பங்களின் பரம்பரை மதிப்பும் வணிகச் செல்வரின் புரவன்மையும் மேலோங்கின. 1977இன் பின்னரான பொருளாதார மாற்றமும் வளைகுடா நாட்டு வேலைவாய்ப்பும் இவ்வொழுங்கினுள் இடம்பெறாத இளைஞர்க்குக் கையிற் பணத்தையும், அரபு மொழியையும், மதீனா போன்ற இடங்களிற் பெற்ற கல்வியையும் வழங்கின. பிறப்பாலன்றி நூற்சான்றாலேயே அதிகாரம் அமையவேண்டும் என்ற அவர்களது வாதம் சமயவாதம் மாத்திரமன்று. குடிக்கும் குலத்திற்கும் எதிரான சமத்துவ வேட்கையும் அதில் இருந்தது. அவ்வேட்கை பின்னர்ப் புதிய நிதி வழங்குநரின் அதிகாரமாகவும், பெண்களின் உடை நடை மீதான புதிய கண்காணிப்பாகவும் இறுகியமையும் மறுக்கவியலாது.

இவ்விருமையைக் காணாது, தரீக்காவை மக்கள் சமயமென்றும் சீர்திருத்தத்தை இறக்குமதியென்றுங் கூறுவது ஆய்வாகாது. யாழ்ப்பாணத்தவராகிய நாம் இதனை எளிதில் விளங்கிக்கொள்ளல் வேண்டும். ஆறுமுக நாவலர் (1822-1879) உயிர்ப்பலியைக் கண்டித்தார்; ஆகமத்துக்கு ஒவ்வாத கோயில் நடைமுறைகளைக் கண்டித்தார்; கிறித்தவ மிசனரிமாரிடமிருந்து கற்ற அச்சு, பாடசாலை, பிரசங்கம் ஆகிய கருவிகளைக் கொண்டே நூல்வழிச் சைவத்தை நிலைநாட்டினார். கிராமத் தெய்வ வழிபாட்டினை அச்சைவம் புறந்தள்ளியதையும், அதன் சாதிச்சார்பினையும் நாம் விமரிசிக்கின்றோம். ஆயினும் அதனை அந்நிய இறக்குமதியென எவருங் கூறுவதில்லை. சமய மறுமலர்ச்சி என்றே பாடநூல்கள் கூறுகின்றன. ஒத்த இயல்புடைய இயக்கம் முஸ்லிம்களிடையே தோன்றும்போது மட்டும் அது அரபுமயமாக்கம் எனும் ஒரே சொல்லுள் அடக்கப்படுவது ஏன் என்ற வினா எழுகின்றது. 1968இல் மாவிட்டபுரத்திற் கோயிற் கதவுகள் அடைக்கப்பட்டபோது ஆகமத்தின் பெயரால் முன்வைக்கப்பட்ட வாதங்களின் பின்னே சாதி நின்றதைக் கண்ட நம் இடதுசாரிகள், பித்அத் என்ற சொல்லின் பின்னும் ‘மண்ணின் மரபு’ என்ற சொல்லின் பின்னும் எவ்வெவ் வர்க்க, குல நலன்கள் நிற்கின்றன என வினவியிருத்தல் வேண்டும்.

6

இனித் தமிழ்த் திறனாய்வின் நிலையினை நோக்குவாம். இஸ்லாமியத் தமிழிலக்கியத்தினைப் பல்கலைக்கழக ஆய்வுப்பொருளாக்கிய பெருமை பேராசிரியர் ம.மு. உவைஸ் அவர்களைச் சாரும். அவர் தொடக்கிவைத்த பணி, மறைந்துகிடந்த காப்பியங்களையும் சிற்றிலக்கியங்களையும் வெளிக்கொணர்ந்தது. ஆனால் அதன்பின் வந்த கட்டுரைகளிற் பலவும் 5027 விருத்தங்களையுடைய சீறாப்புராணத்தில் தமிழ் மரபு, மஸ்தான் சாகிபிடத்துச் சித்தர் மரபு, சமய நல்லிணக்கம் என்ற வாய்பாட்டுக்குள் நின்றுவிட்டன. ஒரு பாடல் எவ்வளவுக்கு இந்து மரபை ஒத்திருக்கின்றதோ அவ்வளவுக்கு அது சிறந்த இஸ்லாமியப் பாடல் என்னும் அளவுகோல் இவற்றில் மறைந்துள்ளது. மஸ்தான் சாகிபு தமக்கென ஓர் இறையியலும், ஒரு தரீக்காவின் ஒழுக்கமும் உடையவர் என்பது இதனால் மறைகின்றது. அவரைச் சார்ந்தோர்க்கும் இப்பாராட்டு நீதி செய்வதாகாது.

மறுபுறத்தே, சீர்திருத்த உரைநடை இலக்கிய வரலாற்றில் ஏறக்குறைய இடமே பெறவில்லை. பா. தாவூத் ஷா (1885-1969) நடத்திய ‘தாருல் இஸ்லாம்’ தமிழ் இதழியலிற் குறிப்பிடத்தக்கது. அவரை எதிர்த்தோர் காதியானி என்ற பெயரைச் சூட்டினர். அப்பெயரை ஆராயாது ஒதுங்கிநின்ற இலக்கிய வரலாற்றாசிரியர், அறிந்தோ அறியாமலோ ஒரு கட்சியின் தீர்ப்பினை நிறைவேற்றினர்.

பெயர்கள் எவ்வளவு பயனற்றவை என்பதற்குச் சித்திலெப்பை (1838-1898) சிறந்த எடுத்துக்காட்டு. 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கி நவீன கல்விக்கும் பெண் கல்விக்கும் குரல்கொடுத்தவர் அவர். ‘அஸன்பேயுடைய சரித்திரம்’ எழுதியவரும் அவரே. அவரே ‘அஸ்றாறுல் ஆலம்’ என்ற நூலிற் சூபி மெய்யியலை விளக்கினார். சூபி, சீர்திருத்தவாதி என்ற இரு பெட்டிகளுள் அவரை எதனுள் இடுவது? இன்னும் பின்னோக்கிச் செல்வோமாயின், தரீக்காவினர் போற்றும் அப்துல் காதிர் ஜீலானி ஹன்பலி நெறியினர். ‘வஹ்ஹாபி’ என்ற சொல்லுக்குப் பெயர் தந்த முஹம்மது இப்னு அப்துல் வஹ்ஹாபும் அதே நெறியினரே.

இத்தகைய நுணுக்கங்கள் ஏட்டளவில் நிற்பனவல்ல. 2021 ஏப்பிரலில் இலங்கை அரசு பதினொரு அமைப்புகளைத் தடைசெய்தது. ஐ.எஸ்., அல்கைதா ஆகியவை இடம்பெற்ற அதே பட்டியலில் 1947இன் அன்சாரிஸ் சுன்னா மரபினைச் சார்ந்த அமைப்பும், தௌஹீத் பெயர்தாங்கிய அமைப்புகள் பலவும் இடம்பெற்றன. 2023இல் அவற்றுள் ஐந்தின்மீதான தடை நீக்கப்பட்டது. பெயரொற்றுமையைக் குற்றவொற்றுமையாகக் கொண்டதன் விளைவினை இடைப்பட்ட ஈராண்டுகள் அவற்றின் உறுப்பினர் அனுபவித்தனர். அதேவேளை, செயலைப் பார்த்து எச்சரித்தோரின் குரல் கேட்கப்படவில்லை. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குத் தலைமைதாங்கியவரின் குழுவினர் 2017 மார்ச்சில் காத்தான்குடி அலியார் சந்தியிற் சூபிப் பிரிவினரோடு மோதினர். அவரைப் பற்றி முஸ்லிம்களே அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தனர். தன் சமூகத்தின் ஒரு பகுதியினரை மார்க்கத்துக்குப் புறம்பானோர் எனக் கூறி அவர்கள்மீது கைவைத்தமை முதலாவது அபாய அறிகுறி. பெயரைத் தேடியோர் அதனைக் காணவில்லை.

7

எல்லாக் குழுக்களும் ஒன்றே, எல்லோரும் சமமாகக் குற்றவாளிகள் என்பது நமது முடிவன்று. இறைவனை எவ்வாறு வணங்குவது என்பது பற்றிய கருத்து எத்துணைக் கடுமையானதாயினும் கருத்தேயாகும். அதனை வாதத்தால் எதிர்கொள்ளல் வேண்டும். மாறுபட்ட கருத்துடையோரின் தொழுகையிடம், வீடு, உடல், உயிர் ஆகியவற்றின்மீது தீர்ப்பளிக்கும் அதிகாரத்தை ஒரு கூட்டம் கைக்கொள்ளும் இடமே எல்லையாகும். அவ்வெல்லையைக் கடந்தோர் சூபி எனினும் தௌஹீத் எனினும் உலமா எனினும் அவர்களைப் பெயர் சொல்லிக் கண்டித்தல் வேண்டும். கடவாதோரை அவர்தம் பெயர்கொண்டு சந்தேகித்தலாகாது.

தமிழியல் ஆய்வாளர் இதன்பொருட்டுச் செய்யவேண்டிய பணிகள் உள. இருசாராரின் துண்டுப்பிரசுரங்களும் இதழ்களும் ஒருங்கே சேகரிக்கப்படல் வேண்டும். கண்டனமும் மறுப்பும் ஒரே மேசையில் வைத்து வாசிக்கப்படல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் சைவ-கிறித்தவக் கண்டனங்களைத் தமிழ் உரைநடை வளர்ச்சியின் ஓர் அத்தியாயமாகக் கொள்ளும் நாம், இருபதாம் நூற்றாண்டின் முஸ்லிம் கண்டன இலக்கியத்தையும் அவ்வாறே ஆராய்தல் தகும். கொக்குவிலிற் சுருட்டுத் தொழில் ஓங்கியிருந்த காலத்திற் கொட்டில்களிற் பத்திரிகை உரக்க வாசிக்கப்பட்டது. அங்கு ஒரே செய்தியைப் பலரும் ஒன்றாகக் கேட்டனர். இன்றோ ஒவ்வொருவரும் தத்தம் தரப்பின் உரையைத் தனித்தே கேட்கின்றனர். மறுதரப்பின் வாதத்தை அதன் சொந்தச் சொற்களில் எடுத்துரைக்கும் பயிற்சி அரிதாகிவருகின்றது. அப்பயிற்சியைப் பேணுதற்குரிய இடங்களுள் பல்கலைக்கழகமும் ஒன்று. வெளியேற்றப்பட்ட அயலவருட் சிலர் சோனகத் தெருவுக்கு மீண்டு வந்துள்ள இக்காலத்தில், அவர்களைத் திரளாகவும் பாராமல், நமக்கு உவந்த பாதி உவவாத பாதி எனவும் பிரியாமல், வாதிடும் மனிதராக அறியத் தொடங்குதல் நம்மேலுள்ள பழைய கடனின் ஒரு பகுதியுமாகும்.